1357: சுத்த ரீல்

எங்கள் தெரு லெண்டிங் லைப்ரரியில் மைக்கேல் கிரைட்டனின் 'டைம்லைன்' ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. 1999இல் வந்த நாவல். அட்டையைச் செல்லோடேப் தாங்குகிறது. செல்லோடேப்பை எது தாங்குகிறது என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் குறைந்தது மூன்று பேர் இதைப் படித்திருக்கிறார்கள். மூன்று பேரும் பக்க ஓரங்களில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒருவர் பென்சில். அதிகம் பேசமாட்டார். 'ரீல்', 'சுத்த ரீல்', 'மகா ரீல்' என்று மூன்றே மார்க்குகள் வைத்திருக்கிறார். அடுத்தவர் பச்சை மை. ஓய்வுபெற்ற கெஜட்டட் அதிகாரியாக இருக்க வேண்டும். தப்பு கண்ட இடத்தில் அடிக்கோடிட்டு, காரணம் எழுதி, 'கவனிக்க' என்று முடிக்கிறார். மூன்றாவது நீலப் பால்பாயிண்ட். சின்ன வயசு. மாரெக் என்ற கதாபாத்திரம் வாளை உருவும் இடமெல்லாம் பக்கத்தில் ஓர் இதயம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் ஒரு பணக்காரக் கம்பெனி, ஆளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பழைய காலத்தில் கொண்டுபோய் மாட்டும் யந்திரத்தைச் செய்துவிடுகிறது. தென்மேற்கு பிரான்சில் டோர்டோன் ஆற்றங்கரையில் இடிந்துபோன மடத்தையும் கோட்டையையும் தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு கோஷ்டியின் பேராசிரியர் அதில் ஏறிப் போய் 1357இல் மாட்டிக்கொள்கிறார். மாணவர்கள் தோண்டிய குழியிலிருந்து அவருடைய மூக்குக்கண்ணாடிச் சில் கிடைக்கிறது. கூடவே 'உதவி' கேட்டு அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. சீட்டுக்கு வயது அறுநூறு சொச்சம். அவரை மீட்க மாணவர்கள் போகிறார்கள். கெடு முப்பத்தேழு மணி நேரம். அப்புறம் கோட்டை, கத்தி, சுரங்கம், துரத்தல், உருளும் தலைகள். 2003இல் படமாகவும் எடுத்தார்கள். ஊற்றிக்கொண்டது.

யந்திரத்தை விளக்கும் அத்தியாயத்தில் பென்சில்காரர் 'மகா ரீல்' போட்டிருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பச்சை மை அங்கே ஒரு முழுப் பக்கத்தையே குடித்திருக்கிறார். காலத்தில் யாரும் பின்னால் போவதில்லை, நம்முடையதைப் போலவே இருக்கும் வேறொரு பிரபஞ்சத்துக்குத்தான் போகிறார்கள் என்று நாவலில் ஒரு விஞ்ஞானி சொல்கிறார். உடனே பச்சை மை: 'அப்படியானால் பேராசிரியர் அங்கே எழுதிய சீட்டு இங்கே எப்படிக் கிடைத்தது? பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழுந்த செம்பு நம் வீட்டுக் கிணற்றில் மிதக்குமா? கவனிக்க.' இந்த நாவலைப் படித்த உலகமெங்குமுள்ள வாசகர்கள் இதே கேள்வியை இருபத்தைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிரைட்டனும் 2008இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குக் கீழே நீலப் பால்பாயிண்ட் சமாதானம் எழுதியிருக்கிறது: 'விடுங்க சார், கதை வேகமாத்தானே போகுது.' என் ஓட்டு நீலத்துக்கு.

என் வருத்தமெல்லாம் பென்சில்காரர் மேல்தான். காஸ்டல்கார்ட் கோட்டை, லா ரோக் கோட்டை, அதை ஆளும் பிரபு ஆலிவர் எல்லாம் கிரைட்டன் கையிலிருந்து போட்டது. அங்கெல்லாம் மனுஷன் சத்தமே போடாமல் நம்பிப் படித்திருக்கிறார். ஆனால் கோட்டையை முற்றுகையிட வரும் கொள்ளைக் கூட்டத் தலைவனை ஊரெல்லாம் 'பெரிய சாமியார்' என்று கூப்பிடுகிறது என்ற இடத்தில் பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்தி 'மகா ரீல்'. அந்த ஆள் ஒருத்தன்தான் நிஜம்!

பெயர் ஆர்னோ த செர்வோல். அதே டோர்டோன் பக்கத்தில் வெலீன் என்ற ஊரில் தலைமைக் குருப் பதவி வைத்திருந்தார். வரும்படி உள்ள பதவி. சேர்க்கை சரியில்லை, திருட்டுப் பயல்களோடு திரிகிறார் என்று மேலிடம் பதவியைப் பிடுங்கியது. பதவி போனது, பட்டப்பெயர் மட்டும் தோல்போல ஒட்டிக்கொண்டது. தொழிலுக்கும் அது சௌகரியமாக இருந்திருக்கும். 'சாமியார் வருகிறார்' என்று சொன்னால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற ஊர்கள் எத்தனை இருந்தனவோ. 1356இல் பொவாத்தியே சண்டையில் பிரெஞ்சு ராஜா பக்கம் நின்று போரிட்டு, பிடிபட்டு, காசு கொடுத்து மீண்டார். 1357 கோடையில் ஒரு படையைத் திரட்டிக்கொண்டு ப்ரோவான்ஸைக் கொள்ளையடிக்கக் கிளம்பினார்.

போகிற வழியில் அவினியோன். அப்போது போப்பாண்டவருக்கு ரோமில் ஜாகை இல்லை. 1309 முதல் அவினியோனில்தான் குடித்தனம், கஜானா எல்லாம். ஆறாம் இன்னசென்ட் அப்போது போப். வாசலில் ஆயிரக்கணக்கான கொள்ளைக்காரர்களோடு ஒரு முன்னாள் குருவானவர் வந்து நின்றால் ஒரு போப் என்ன செய்வார்? சபிப்பார், சபையை விட்டுத் தள்ளுவார், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்வார் என்று நாம் நினைப்போம். ஃப்ருவாசார் என்ற அந்தக் காலத்து வரலாற்றுக்காரர் எழுதிவைத்திருப்பது வேறு. சாமியாரை உள்ளே அழைத்து, ராஜகுமாரனைப் போல மரியாதை செய்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்களாம். பாவங்களையெல்லாம் மன்னித்தார்களாம். கிளம்பும்போது 40,000 தங்கக் காசு, கூட்டாளிகளோடு பங்கிட்டுக்கொள்ளச் சொல்லி! கோயிலுக்குப் போனால் நாம் உண்டியலில் போட்டுவிட்டு வருவோம். இவர் உண்டியலை எடுத்துக்கொண்டு, ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டு வந்தவர். அவினியோனைச் சுற்றி இன்றும் கம்பீரமாக நிற்கிற மதிலுக்கு இந்த மாதிரி விருந்தாளிகள்தான் காரணம்.

பிற்பாடு சாமியார் ஒரு பணக்காரச் சீமாட்டியைக் கல்யாணம் செய்துகொண்டு, அரசாங்கப் படைக்கே தளபதியாகி, 1366இல் சொந்த ஆட்கள் கையால் செத்துப்போனார். இவரைக் கிரைட்டன் நாவலில் ஓரளவு அடக்கித்தான் வாசித்திருக்கிறார். முழுதும் எழுதியிருந்தால் பென்சில்காரர் புத்தகத்தை ஜன்னல் வழியாக வீசியிருப்பார்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். பேராசிரியர் சீட்டில் 4/7/1357 என்று போட்டிருக்கிறார். பச்சை மை: 'ஜூலை 4 அன்று எழுதியவரை ஏப்ரலில் தேடிப் போவது எப்படி? கவனிக்க.' நீலம்: 'அமெரிக்காவில் மாசம்தான் சார் முதலில்.' இருவரும் சண்டை போட வேண்டிய விஷயம் வேறு. அந்தக் காலத்தில் பிரெஞ்சு அரசவைக் கணக்கில் வருடம் பிறப்பது ஈஸ்டர் அன்று. ஈஸ்டரோ வருடத்துக்கு ஒரு தேதியில் வரும். அதனால் ஒரே வருடத்தில் சில தேதிகள் இரண்டு முறை வந்து போகும், சில வருடம் வராமலே போய்விடும். கடன் வாங்கியவனுக்கு இதைவிடத் தோதான காலண்டர் கிடையாது. ஆங்கிலேயருக்கு மார்ச் 25 புத்தாண்டு. 1357இல் ஈஸ்டர் வந்தது ஏப்ரல் 9ஆம் தேதி. ஆகவே ஏப்ரல் 7 அன்று ஆங்கிலேயர் பிடித்துவைத்திருக்கும் கோட்டைக்குள் 1357. வெளியே முற்றுகை போட்டிருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்னும் 1356. வருடத்தை மாற்ற குவாண்டம் யந்திரம் எதற்கு? மதில்மேல் சாத்த ஒரு ஏணி போதும்.

இன்னொன்று. 9ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு என்றால் 7ஆம் தேதி பெரிய வெள்ளி. கிறிஸ்தவ ஐரோப்பா முழுக்க உபவாசம் இருந்து முழந்தாளிட வேண்டிய நாள். நாவலிலோ அந்த முப்பத்தேழு மணி நேரத்துக்குள் குதிரை ஏறி ஈட்டியால் குத்திக்கொள்ளும் போட்டி ஜாம்ஜாமென்று நடக்கிறது. இம்மாதிரிப் போட்டிகளையே 1130இலிருந்து 1316 வரை திருச்சபை தடை செய்து வைத்திருந்தது. தடை நீங்கி நாற்பது வருடத்தில் பெரிய வெள்ளியை ஒட்டியே நடத்தும் அளவுக்கு ஆலிவர் பிரபுவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது போலும். இதைப் பச்சை மைகூடக் கவனிக்கவில்லை.

முற்றுகை என்றேனே, அதுவும் ஒரு வேடிக்கை. 1357 மார்ச் 23 அன்றுதான் போர்தோவில் இரண்டு வருடப் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. நாவல் நடப்பது அதற்குப் பதினைந்தாம் நாள். 'சமாதான காலத்தில் சண்டையா? சுத்த ரீல்' என்று பென்சில்காரர் எழுதவில்லை, தெரிந்திருந்தால் எழுதியிருப்பார். சமாதானம்தான் ஐயா பிரச்சினை. சண்டை நடக்கும்வரை ராணுவத்தானுக்குச் சம்பளம், சாப்பாடு. சமாதானம் என்றால் கட்டாய ஓய்வு, பென்ஷனும் கிடையாது. கையில் கத்தி இருக்கிறது, வேறு தொழில் தெரியாது, ஊருக்குத் திரும்ப வழிச்செலவுக்குக் காசு இல்லை. சாமியாரிடம் ஆள் சேர்ந்தது அப்படித்தான். ராஜாக்கள் சண்டை போட்டபோது பட்ட அடியைவிட, அவர்கள் சமாதானமான பிறகு பிரெஞ்சுக் குடியானவன் பட்ட அடி அதிகம்.

ராஜாக்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்றால், நம் முன்சீப் கோர்ட்டில் தினமும் நடக்கிற சங்கதிதான். 1328இல் பிரெஞ்சு ராஜா நான்காம் சார்ல்ஸ் ஆண் வாரிசு இல்லாமல் செத்தார். பங்காளி பட்டத்தைத் தூக்கிக்கொண்டார். செத்தவருக்குத் தங்கை மகன் ஒருவர் இருந்தார். அவர் இங்கிலாந்து ராஜா மூன்றாம் எட்வர்ட். அம்மா வழிப் பாத்தியதை என்று பிடித்துக்கொண்டார். 1337இல் ஆரம்பித்து 1453 வரை இழுத்தது. 116 வருடம். பதினாறைத் தள்ளுபடி செய்து நூறாண்டுப் போர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாணவர்கள் டோர்டோன் பக்கம் சுரங்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்த அதே வாரம், மேற்கே போர்தோ துறைமுகத்தில் அதைவிடப் பெரிய கதை ஒன்று கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை. சரக்கு: பிரான்ஸ் தேசத்து ராஜா, ஒருவர். போகுமிடம்: லண்டன்.

அவர் பெயர் இரண்டாம் ஜான். வீரத்தில் குறைச்சல் சொல்ல முடியாது, மற்றதில்தான். எட்வர்ட் 1348இல் கார்ட்டர் என்று வீரர்களுக்கு ஒரு சங்கம் வைத்தார். சும்மா இருப்பாரா இவர்? 'நட்சத்திரம்' என்று போட்டிச் சங்கம் ஆரம்பித்தார். உறுப்பினர் போர்க்களத்தில் நான்கு ஆர்ப்பாங் தூரத்துக்கு மேல் பின்வாங்கக் கூடாது என்பது பிரமாணம். ஆர்ப்பாங் என்பது நிலத்தை அளக்கிற அளவு. களத்தில் உயிர் பிழைக்க ஓடுகிறவன் கையில் சங்கிலியோடு ஒரு சர்வேயரையும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும். 1352இல் மோரோன் சண்டையில் இந்த விதியை மதித்தே பல உறுப்பினர்கள் செத்தார்கள். சங்கம் கலைந்தது. தலைவர் மட்டும் பிரமாணத்தை மறக்கவில்லை.

1356 செப்டம்பர் 19, பொவாத்தியே. எதிரே எட்வர்டின் மகன், கறுப்பு இளவரசர். ஆள் பலம் பிரெஞ்சுக்காரர் பக்கம்தான் அதிகம். சண்டை திரும்பியதும் மூத்த மகன் சார்ல்ஸைக் களத்தைவிட்டுப் பத்திரமாகக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ராஜா கோடாலியோடு நின்றார். பதினாலு வயதுக் கடைக்குட்டி பிலிப், அப்பாவை விட்டு நகராமல், அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கத்திக்கொண்டே நின்றதாகச் சொல்வார்கள். கடைசியில் இருவரும் மாட்டினார்கள். பிற்காலத்தில் சரித்திரம் இந்தக் குடும்பத்துக்குப் பட்டம் வழங்கியது: களத்தைவிட்டுப் போனவர் 'புத்திசாலி' சார்ல்ஸ். நின்ற பையன் 'துணிச்சல்காரர்' பிலிப். பிடிபட்டவர் 'நல்லவர்' ஜான். இதைவிட நயமாக யாரும் திட்ட முடியாது.

ராஜா யாரிடம் சரணடைந்தார்? ஒரு பிரெஞ்சுக்காரரிடம். தெனி த மொர்பெக் என்பவர், கொலைக் கேஸில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். ராஜா தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குள் ஒரு கூட்டம் வந்து 'நான்தான் பிடித்தேன்', 'எனக்குத்தான்' என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்க ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமைப் புடவைத் தள்ளுபடியில் ஒரே புடவையை நாலு பேர் பிடித்த மாதிரி. ராஜா என்றால் சும்மாவா, மீட்புத் தொகையில் பங்கு! ஆங்கிலப் பிரபுக்கள் இருவர் வந்து புடவையை, மன்னிக்க, ராஜாவைக் கிழியாமல் மீட்டார்கள். யார் பிடித்தது என்ற வழக்கு அதற்கப்புறமும் ஓடியது. கஸ்கனிக்காரர் ஒருவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி கறுப்பு இளவரசர் தோற்ற ராஜாவுக்கு விருந்து வைத்தார். கூட உட்காரத் தனக்குத் தகுதியில்லை என்று சொல்லித் தன் கையாலேயே பரிமாறினாராம். பண்பாடு என்றால் இது என்று ஐரோப்பாவே உருகியது. உருகுவதற்கு முன் பாத்திரத்தைப் பார்த்திருக்கலாம். ஆங்கிலப் படைக்கு நாள்கணக்கில் சாப்பாடே இல்லை. விருந்துக்கு வந்ததெல்லாம் பிரெஞ்சுக்காரர்களின் வண்டிகளிலிருந்து பிடுங்கியது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. இதிலே பிள்ளையாரே கடைக்காரர்.

லண்டனில் ராஜாவுக்குச் சிறை என்றால் மாளிகை, வேட்டை, விருந்து. 1360 ஒப்பந்தத்தில் விலை முடிவானது: 30 லட்சம் தங்க எக்யூ. எங்கே போவது? பன்னிரண்டு வயது மகளை மிலானின் விஸ்கோந்தி குடும்பத்துப் பையனுக்குக் கட்டிக்கொடுத்து 6 லட்சம் ஃப்ளோரின் வாங்கினார்கள். வரதட்சணை இந்தத் தடவை எதிர்த்திசையில் நடந்தது. முதல் தவணைக்கே முழுத் தொகை சேரவில்லை, இருந்ததை வாங்கிக்கொண்டு விட்டார்கள். ராஜா ஊர் திரும்பியதும் அடித்த புது நாணயத்துக்கு ஃபிராங்க் என்று பெயர். விடுதலை என்ற அர்த்தமும் அதில் உண்டு. வேறு எந்த நாட்டிலாவது ராஜாவின் ஜாமீன் ரசீதுக்கு இவ்வளவு ஆயுசு உண்டா? நடுநடுவே பெயர் மாறிப்போனாலும், டைம்லைன் வந்த வருடம் டோர்டோனில் காப்பி குடித்தவர் அதற்குக் கொடுத்ததும் ஃபிராங்க்தான்.

பாக்கிக்கு ஈடாக ராஜகுமாரர்கள் பிணையாகப் போனார்கள். அதில் ஒரு மகன், லூயி, புதுமாப்பிள்ளை. பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று 1363இல் போனவன் வரவே இல்லை. அப்பாவுக்கு மானம் போயிற்று. மகன் வாக்கை மீறினால் நான் போகிறேன் என்று 1364 ஜனவரியில் தானே லண்டனுக்குக் கப்பல் ஏறினார். எதற்கு, ஜாலியாக இருக்கத்தான் போனார் என்று எழுதிவைத்த சமகாலத்தவரும் உண்டு. ஏப்ரலில் அங்கேயே செத்தார். கடன் பாக்கி அப்படியே நின்றது. இந்த ராஜா நாவலில் வந்திருந்தால் பென்சில்காரரிடம் மூன்று மார்க்கு போதாது, நான்காவது ஒன்று கண்டுபிடிக்க வேண்டும்.

காதில் மாட்டுகிற மொழிபெயர்ப்புக் கருவி பற்றியும் அவருக்குக் கோபம்: 'ரீல்.' அது இருக்கட்டும். ஆங்கிலேயப் பிரபுக்கள் வீட்டில் பேசியது பிரெஞ்சு. டோர்டோன் ஜனங்கள் பேசியது ஒக்ஸிதான், அது பாரிஸ்காரனுக்குப் புரியாது. 1362இல் இங்கிலாந்து பார்லிமெண்ட், பிரெஞ்சு ஜனங்களுக்கு விளங்கவில்லை, இனி கோர்ட்டில் வாதம் ஆங்கிலத்தில் என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தை எழுதியது பிரெஞ்சில். கருவியை முதலில் அவர்களுக்குத்தான் மாட்டியிருக்க வேண்டும்.

கடைசி அத்தியாயங்களில் நீலப் பால்பாயிண்ட் தாங்க முடியாமல் எழுதியிருக்கிறது. எல்லோரும் திரும்பி வரும்போது மாரெக் மட்டும் நான் இங்கேயே இருக்கிறேன் என்று தங்கிவிடுகிறான். ஓரத்தில் ஏழு இதயங்கள். எண்ணிப் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் (பெண்தான் என்று என் ஊகம், பையனாகவும் இருக்கலாம்) ஒரு விஷயம் மட்டும் சொல்ல ஆசை. தம்பி தங்கிய நேரம் சரியில்லை. அடுத்த பிப்ரவரியில் பாரிஸ் வணிகர் தலைவர் எத்தியென் மார்செல் பட்டத்து இளவரசரின் அறைக்குள் கும்பலோடு நுழைந்து, கண்ணெதிரே இரண்டு மார்ஷல்களைத் தீர்த்துவிட்டு, தன் சிவப்பு நீலக் குல்லாயை இளவரசர் தலையில் மாட்டிவிடப் போகிறார். மே மாதம் குடியானவர்கள் எழுந்து பிரபுக்கள் வீட்டைக் கொளுத்தப் போகிறார்கள். ஜூனில் பிரபுக்கள் குடியானவர்களைக் கொளுத்தப் போகிறார்கள். 1361இல் கொள்ளைநோய் மறுபடி வரும். சாமியார் வேறு பக்கத்து ஊர்க்காரர். கம்பெனி முதலாளியைக் கடைசியில் 1348க்கு, கொள்ளைநோய் உச்சத்துக்கு, தள்ளிவிடுகிறார்கள். அங்கே மட்டும் பென்சில்காரர் முதல்முறையாக 'சரி' என்று எழுதியிருக்கிறார்.

இத்தனையையும் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல், 4/7/1357 என்ற தேதிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'பெரிய வெள்ளி! கவனிக்க' என்று எழுதிவிட்டேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது லைப்ரரிக்காரர் சரியாக அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தார். மை காயவில்லை. புத்தகத்தில் இருக்கிற மொத்தக் கிறுக்கலுக்கும், பச்சை, நீலம், பென்சில் உட்பட, முந்நூறு ரூபாய் அபராதம் போட்டார். பையில் நூற்றிருபதுதான் இருந்தது. அதைத் தவணையாக வாங்கிக்கொண்டு, மீதிக்கு என் குடையைப் பிணையாக எடுத்து வைத்துக்கொண்டார்.

அப்புறம் நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. நேற்று நல்ல மழை. நனைந்துகொண்டே சுற்றுவழியாக வீட்டுக்கு வந்தேன்.